பயணத்தில் போனே மோடம்: திறக்கவும் தெரிய வேண்டும், மூடவும் தெரிய வேண்டும்



போன நல்லூர்த் திருவிழாவுக்கு நம்ம தோட்டத்தில் இருந்து ஒரு வேன் பிடித்து யாழ்ப்பாணம் போனோம். தேர் பார்ப்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. கீழ்ப் பிரிவில் கொழுந்து எடுக்கும் ஓர் அம்மாவின் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். "சாமியையும் பாத்துட்டு, புள்ளையையும் ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம் ஐயா" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டார்.

தேர் முடிந்த மறுநாள் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போனோம். மகளும் கூட வந்தாள். அன்றைக்குப் பின்னேரம் 4 மணிக்குள் அவள் ஓர் ஒப்படையைப் பல்கலைக்கழகத்துக்கு இன்டர்நெட் வழியாக அனுப்ப வேண்டும். லாப்டாப்பைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். சாமி கும்பிட்டுவிட்டு படகுக்கு வரிசையில் நிற்கும்போது மணி இரண்டு. அவளுடைய போனில் டேட்டா முடிந்துவிட்டது. முகம் வாடிப் போச்சு.

நான் பெரிய மனுசன் மாதிரி, "பயப்படாத மகள், என் போன்ல ஒன்றரை ஜிபி கிடக்கு, ஹாட்ஸ்பாட் போட்டுத் தாறேன்" என்று சொல்லித் திறந்து விட்டேன். அவள் வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை எழுதி முடித்தாள். படகு ஏறி குறிகட்டுவான் ஜெட்டிக்கு வந்து சேரும்போது என் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது. டேட்டா முடிந்துவிட்டதாம். ஒப்படை இன்னும் போகவில்லை. அது வெறும் 4 எம்பி.

எங்கே போனது ஒன்றரை ஜிபி? பிறகுதான் விளங்கியது. ஒன்று, லாப்டாப் நம்மைக் கேட்காமல் தன் பாட்டுக்கு அப்டேட் இறக்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டு, சுலபமாக இருக்கட்டும் என்று நான் பாஸ்வேர்ட் போடாமல் வைத்திருந்தேன். நம்ம வேனில் வந்த பையன்கள் மூன்று பேர் அதைக் கண்டுபிடித்து, வரிசையிலும் படகிலும் வீடியோ பார்த்திருக்கிறார்கள்.

அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணம் எடுத்தார். நான் தடுக்கத் தடுக்க, ஜெட்டிக்குப் பக்கத்துக் கடையில் ரீலோட் போட்டுத் தந்தார். மகள் மூன்று நாற்பதுக்கு அனுப்பி முடித்தாள். அந்த அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. ஒரு நாள் மழையில் நனைந்து, கிலோ குறைந்தால் அரைப் பேர் என்று எழுதப்படுகிற கையில் இருந்து வந்த காசு அது.

அதனால்தான் இந்த இதழில் இந்த விசயத்தை எழுதுகிறேன். நம்ம பிள்ளைகள் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிலும், இன்னும் பல இடங்களிலும் படிக்கிறார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய நம்ம சொந்தக்காரர்களைப் பார்க்கவும் போய் வருகிறோம். வழியில் ஓர் அவசரம் என்றால் கையில் இருக்கிற போன்தான் துணை. அதைச் சரியாகப் பாவிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மோடம் என்றால் என்ன?

கணினி பேசுவது பூச்சியம், ஒன்று என்ற இரண்டு இலக்கங்களால் ஆன பாஷை. தொலைபேசிக் கம்பியில் போவது சத்தத்தின் அலை. இந்தப் பாஷையை அந்த அலையாகவும், அந்த அலையைத் திரும்ப இந்தப் பாஷையாகவும் மாற்றித் தருகிற பெட்டிதான் மோடம். "மாடுலேற்றர், டிமாடுலேற்றர்" என்ற இரண்டு சொற்களைச் சுருக்கி வைத்த பெயர் அது.

இலங்கையில் 1995-ல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தபோது, வீட்டுத் தொலைபேசி வயரை இந்தப் பெட்டியில் செருகித்தான் பாவித்தார்கள். கீச்கீச் என்று சத்தம் போட்ட பிறகுதான் இணைப்புக் கிடைக்கும்.

இப்போது அந்தப் பெட்டி தனியாகத் தேவையில்லை. நம்ம கையில் இருக்கிற ஸ்மார்ட் போனுக்குள்ளேயே மோடம் இருக்கிறது. போன் டவருடன் ரேடியோ அலை மூலம் பேசுகிறது. அப்படி வந்த இன்டர்நெட்டைப் பக்கத்தில் இருக்கிற லாப்டாப்புக்கோ இன்னொரு போனுக்கோ பகிர்ந்து கொடுக்கவும் முடியும். இப்படிப் பகிர்வதைத்தான் ஹாட்ஸ்பாட் அல்லது டெதரிங் என்கிறார்கள்.

நம்ம லயத்துப் பீலியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மலையில் ஊற்று இருக்கிறது, அதுதான் டவர். ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து விடுகிற பீலிதான் உங்கள் போன். குடத்தோடு வருகிறது லாப்டாப். பீலியைத் திறந்து வைத்தால் குடம் வைத்தவர் எல்லோரும் பிடிப்பார்கள். ஒரே ஒரு வித்தியாசம், இந்தத் தண்ணீருக்குக் காசு உண்டு. காசு போவது பீலிக்காரருடைய கணக்கில்.

அன்றைக்கு எப்படி இருந்தது?

இளம் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும். இலங்கைக்குச் செல்லிடத் தொலைபேசி வந்தது 1989-ல். செல்டெல் கம்பனிதான் முதலில் தொடங்கியது. ஆனால் அது பணக்காரர்களுடைய பொருளாக இருந்தது. தோட்டத்தில் போன் என்றால் ஆபீசிலும் துரை பங்களாவிலும் மட்டும்தான். சாவு, பிரசவம் என்றாலும் ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து நிலைமை அதைவிட மோசம். 1990 ஜூனில் யாழ்தேவி ரயில் நின்று போனது. யுத்தத்தால் தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று அறிய, செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் வருகிற சிறு கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரல் மாதம் ஏ-9 பாதை திறந்தது. அதற்குப் பிறகுதான் யாழ்ப்பாணத்து மக்களின் கைக்கு செல்போன் பரவலாக வரத் தொடங்கியது. 2006 ஆகஸ்டில் பாதை திரும்பவும் மூடப்பட்டது. யுத்தம் முடிந்தது 2009 மே மாதம். யாழ்தேவி மறுபடியும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்து சேர்ந்தது 2014 அக்டோபர் 13-ஆம் திகதி. இருபத்து நான்கு வருடம் கழித்து.

இதை ஏன் சொல்கிறேன்? ஆபீஸ் போனுக்குக் காத்திருந்த நம்ம சனமும், செஞ்சிலுவைக் கடிதத்துக்குக் காத்திருந்த அந்த ஊர்ச் சனமும் இன்று ஒரு போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம். இந்த வசதியின் அருமை தெரிந்தால் அதை வீணாக்க மனம் வராது.

பகிர்வதற்கு மூன்று வழி

முதலாவது வைஃபை ஹாட்ஸ்பாட். வயர் தேவையில்லை. ஒரே நேரத்தில் பல கருவிகளை இணைக்கலாம். ஆனால் போன் சூடாகும், பேட்டரி வேகமாக இறங்கும்.

இரண்டாவது யூஎஸ்பி டெதரிங். சார்ஜர் வயரால் போனை லாப்டாப்போடு இணைப்பது. வேகம் நிலையாக இருக்கும். லாப்டாப்பில் இருந்து போனுக்குச் சார்ஜும் ஏறும். பக்கத்தில் இருப்பவர் யாரும் நடுவில் நுழைய முடியாது. ஒரே லாப்டாப் என்றால் இதுதான் மிக நல்லது. ஆனால் வயர், டேட்டா கடத்தக்கூடிய வயராக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏறுகிற மலிவு வயர்களும் கடையில் விற்கிறார்கள், அவற்றால் இது நடக்காது.

மூன்றாவது புளூடூத். வேகம் குறைவு. பேட்டரிச் செலவும் குறைவு. ஒரு ஈமெயில் அனுப்ப இது போதும்.

ஹாட்ஸ்பாட் திறப்பது எப்படி?

அண்ட்ரொய்ட் போனுக்குச் சொல்கிறேன். போனுக்குப் போன் சொற்கள் கொஞ்சம் மாறும்.

1. முதலில் மொபைல் டேட்டாவை ஓன் செய்யுங்கள். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2. செட்டிங்ஸுக்குள் போய், நெட்வொர்க் அல்லது கனெக்ஷன்ஸ் என்ற இடத்தில் ஹாட்ஸ்பாட், டெதரிங் என்று இருப்பதைத் தொடுங்கள்.

3. ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு பெயர் இருக்கும். உங்களுக்கு விளங்குகிற பெயராக மாற்றுங்கள். உங்கள் முழுப் பெயரையோ போன் நம்பரையோ அதில் வைக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும்.

4. பாஸ்வேர்ட் வையுங்கள். எட்டு எழுத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 12345678 என்று வைப்பது கதவைச் சாத்திவிட்டுத் திறப்பை வெளியில் தொங்க விடுவது மாதிரி.

5. ஹாட்ஸ்பாட்டை ஓன் செய்யுங்கள். லாப்டாப்பில் வைஃபை பட்டியலைத் திறந்தால் உங்கள் போன் பெயர் தெரியும். அதைத் தொட்டு பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

6. வேலை முடிந்த உடனே ஓஃப் செய்யுங்கள். பிறகு செய்யலாம் என்று விட வேண்டாம்.

சில நேரம் ஹாட்ஸ்பாட் திறக்காமல் அடம்பிடிக்கும். போனில் டேட்டா சேவர் ஓனில் இருந்தால் பல போன்களில் ஹாட்ஸ்பாட் வேலை செய்யாது, அதை ஓஃப் செய்து பாருங்கள். போன் பெயர் லாப்டாப்பில் தெரியவே இல்லை என்றால், ஹாட்ஸ்பாட் 5 கிகாஹேர்ட்ஸில் இருக்கலாம். பழைய லாப்டாப்புகளுக்கு அது தெரியாது. 2.4 என்று மாற்றினால் தெரியும்.

டேட்டா எப்படிக் கரைகிறது?

இதுதான் முக்கியமான இடம். நான் ஏமாந்ததும் இங்கேதான்.

போனில் மொபைல் டேட்டா ஓடும்போது, இது காசுத் தண்ணீர் என்று போனுக்குத் தெரியும். பெரிய வேலைகளை வைஃபை கிடைக்கும் வரை அது தள்ளிப்போடும். ஆனால் ஹாட்ஸ்பாட்டில் இணைந்த லாப்டாப்புக்கு அது தெரிவதில்லை. அது பார்ப்பது வைஃபையை. "ஆகா, வீட்டு வைஃபை கிடைத்துவிட்டது" என்று நினைத்து, அப்டேட், படங்களை மேலே ஏற்றுவது எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கிவிடும். விண்டோஸ் அப்டேட் ஒன்று சில நூறு எம்பியும் இருக்கலாம், பல ஜிபியும் இருக்கலாம். இணைந்தது இன்னொரு போன் என்றாலும் இதே கதை நடக்கலாம்.

இதற்கு மருந்து உண்டு. விண்டோஸ் லாப்டாப்பில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரைத் தொட்டு, அதன் விவரங்களுக்குள் போனால் மீட்டர்ட் கனெக்ஷன் என்று ஒன்று இருக்கும். அதை ஓன் செய்தால், இது அளந்து காசு கட்டுகிற இணைப்பு என்று லாப்டாப்புக்கு விளங்கும். பெரும்பாலான அப்டேட்டுகளை நிறுத்தி வைக்கும். ஒரு தடவை செய்தால் போதும், அந்த ஹாட்ஸ்பாட்டுக்கு அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். இணைகிறது போன் என்றால், அதன் வைஃபை விவரத்திலும் இதே மீட்டர்ட் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

எந்த வேலைக்கு எவ்வளவு போகும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1 ஜிபி என்பது ஏறத்தாழ 1,000 எம்பி.

- எழுத்து மட்டும் உள்ள ஈமெயில், வாட்ஸ்அப் செய்தி: ஒரு எம்பிகூட ஆகாது.
- வாட்ஸ்அப்பில் குரல் மட்டும் பேசுவது, ஒரு மணித்தியாலம்: சுமார் 20 முதல் 60 எம்பி.
- சூமில் பலர் சேர்ந்த வகுப்பு, ஒரு மணித்தியாலம்: சுமார் 800 எம்பியும் அதற்கு மேலும்.
- சாதாரணத் தெளிவில் வீடியோ, ஒரு மணித்தியாலம்: சுமார் 500 முதல் 700 எம்பி.
- மிகத் தெளிவான எச்டி வீடியோ, ஒரு மணித்தியாலம்: சுமார் 1.5 முதல் 3 ஜிபி.

பார்த்தீர்களா? அந்த மகளின் ஒப்படை 4 எம்பி. ஒன்றரை ஜிபியில் அதைப் போல முந்நூற்றுக்கு மேல் அனுப்பியிருக்கலாம்.

இன்னொரு விசயம். வாட்ஸ்அப்புக்கு மட்டும், யூடியூபுக்கு மட்டும் என்று விற்கிற பக்கேஜ்கள் இருக்கின்றன. இரவுக்கு மட்டும் என்று தரும் டேட்டாவும் உண்டு. அவை ஒப்படை அனுப்பவோ, விண்ணப்பம் நிரப்பவோ பகலில் உதவாது. ரீலோட் போடும்போது, "எந்த நேரத்துக்கும், எந்த வேலைக்கும் பாவிக்கலாமா? ஹாட்ஸ்பாட்டுக்கு விடுமா?" என்று கேட்டுப் போடுங்கள். அளவில்லாத டேட்டா என்று சொல்கிற சில பக்கேஜ்களில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தடையோ வரம்போ இருக்கும்.

வழியில் சிக்னல்

கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் வரை ஏ-9 பாதை 321 கிலோமீட்டர். நம்ம தோட்டத்தில் இருந்து கண்டிக்கே சில மணித்தியாலம். இந்தத் தூரம் முழுக்க ஒரே மாதிரி சிக்னல் இருக்காது. பஸ் ஓட ஓட போன் ஒரு டவரை விட்டு இன்னொரு டவரைப் பிடிக்கும். காட்டுப் பகுதிகளில் வரும், போகும். அதனால் ஓடுகிற வண்டியில் முக்கியமான விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்காதீர்கள். பாதியில் அறுந்தால் முதலில் இருந்து நிரப்ப வேண்டி வரலாம். தம்புள்ளையிலோ வவுனியாவிலோ தேத்தண்ணிக்கு நிறுத்தும்போது செய்யுங்கள்.

நம்ம ஊரில் ஒரு மலை மறைத்தால் சிக்னல் போச்சு. ரேடியோ அலை பெரும்பாலும் நேராகத்தான் போகும், மலையைத் துளைக்காது. 2020, 2021-ல் கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது, நம்ம பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு மலை உச்சிக்கு ஏறிய காரணம் அதுதான். யாழ்ப்பாணம் அப்படியில்லை. நிலம் தட்டையானது. கீரிமலை என்று பெயர் இருக்கிறது, போய்ப் பார்த்தால் மலையைக் காணோம். அதனால் டவரின் அலை தடை இல்லாமல் வரும்.

ஆனால் அங்கே வேறு பிரச்சினை இருக்கிறது. நல்லூர்த் தேரன்று போனில் சிக்னல் கோடு முழுதாக நிற்கும், வாட்ஸ்அப்பில் ஒரு படம்கூடப் போகாது. காரணம், ஒரே டவரை ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இழுக்கிறார்கள். ஒரு பீலியில் ஐந்நூறு குடம் மாதிரி. அந்த நேரத்தில் போனோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. கூட்டத்தை விட்டு நாலைந்து தெரு தள்ளிப் போனால் வேலை நடக்கும். இல்லாவிட்டால் விடியற்காலையில் செய்துகொள்ள வேண்டும். கூட்டத்தில் பிள்ளைகள் தவறிப் போனால் போனில் பிடிக்கலாம் என்று நம்பியும் இருக்காதீர்கள். "தொலைஞ்சா இந்த இடத்துல வந்து நில்லு" என்று ஓர் இடத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தீவுகளுக்குப் போகிறவர்கள், வேலையைக் கரையிலேயே முடித்துவிட்டுப் படகு ஏறுங்கள். நெடுந்தீவுப் படகு ஒரு மணித்தியாலம் அளவு ஓடும். நடுக்கடலில் எதுவும் நிச்சயம் இல்லை. உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் லாப்டாப்பைத் திறக்கவும் கூடாது. கடற்கரைப் பக்கம் போகும்போது போனில் டேட்டா ரோமிங் ஓஃபில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தப்பித் தவறி வேறு நாட்டு டவரைப் பிடித்தாலும் டேட்டாவுக்குக் காசு போகாது.

இன்னும் ஒரு விளக்கம். லாப்டாப்பில் வைஃபை கோடு முழுதாகத் தெரியும், ஆனால் ஒன்றும் திறக்காது. பலர் இதில் குழம்புகிறார்கள். அந்தக் கோடு காட்டுவது லாப்டாப்புக்கும் போனுக்கும் இடையிலான தொடர்பை மட்டும்தான். போனுக்கும் டவருக்கும் இடையில் தொடர்பு எப்படி என்பதைப் போனில்தான் பார்க்க வேண்டும். பீலிக்குப் பக்கத்தில் குடம் இருந்தால் போதாது, பீலியில் தண்ணீர் வர வேண்டும்.

இதை வைத்து வீட்டிலும் ஒரு பலன் எடுக்கலாம். லயத்துக் காம்பராவுக்குள், தகரத்துக்குக் கீழே சிக்னல் குறைவாக இருக்கும். ஹாட்ஸ்பாட்டை ஓன் செய்து, போனை சிக்னல் கிடைக்கிற ஜன்னலிலோ இஸ்தோப்பிலோ மழை படாமல் வையுங்கள். பிள்ளை உள்ளே மேசையில் இருந்து லாப்டாப்பில் படிக்கலாம். நாலைந்து பாகம் தள்ளி இருந்தாலும் பிடிக்கும்.

பூட்டு ஏன் வேண்டும்?

உங்கள் சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிந்தது. உங்கள் ஹாட்ஸ்பாட்டில் புகுந்து ஒருவன் ஒரு கெட்ட செய்தியை அனுப்பினாலும், யாரையாவது ஏமாற்றினாலும், தேடிக்கொண்டு வரும்போது முதலில் காட்டுவது உங்கள் இணைப்பைத்தான். பாஸ்வேர்ட் போடுவது டேட்டாவைக் காப்பாற்ற மட்டும் அல்ல, உங்கள் பெயரைக் காப்பாற்றவும்தான்.

பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் அவசரம் என்று கேட்டால் உதவ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நீங்களே உங்கள் கையால் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுங்கள். வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை மூடி, பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே காட்டும். தெரியாத கருவி இருந்தால் உடனே மூடுங்கள்.

மாறாக, கடைகளிலும் ஹோட்டல்களிலும் இலவச வைஃபை கிடைத்தால் பாடம் இறக்க, வழி பார்க்கப் பாவிக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்காரர் என்னிடம், "வைஃபை இருக்குது, பாவியுங்கோ" என்று அன்பாகச் சொன்னார். ஆனால் பேங்க் வேலை, சம்பளப் பணம் அனுப்புவது போன்றவற்றை உங்கள் சொந்த டேட்டாவில் செய்யுங்கள். ஓடிபி என்று வருகிற இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பேங்கில் இருந்து பேசுகிறேன் என்றாலும் சொல்லாதீர்கள்.

பேட்டரி

ஹாட்ஸ்பாட் ஓடும்போது போன் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கிறது, ஒரு பக்கம் டவர், ஒரு பக்கம் லாப்டாப். அதனால் சார்ஜ் வேகமாக இறங்கும், போன் சூடாகும். யாழ்ப்பாண வெயிலில் இன்னும் சூடாகும். போனைத் தலையணைக்குக் கீழே, பைக்குள் மூடி வைத்து ஹாட்ஸ்பாட் ஓட்ட வேண்டாம். பவர்பேங்க் ஒன்று குழுவுக்கு இருந்தால் நல்லது. எப்போதும் கால்வாசிச் சார்ஜை அவசர அழைப்புக்கு மிச்சம் வையுங்கள். ஒப்படை முக்கியம்தான், அதைவிட முக்கியம் ஆபத்துக்கு ஒரு கோல் எடுக்க முடிவது.

போன் கைகொடுக்காத நேரமும் உண்டு

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாம் பட்டது மறக்க முடியாது. மலைநாட்டில் மண்சரிவு, பாதைகள் அறுந்தன, பல இடங்களில் மின்சாரமும் போன் தொடர்பும் போய்விட்டது. ஹாட்ஸ்பாட் திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன? ஊற்று வற்றினால் பீலியில் ஒன்றும் வராது.

அதனால் வெளியூரில் பிள்ளை படிக்கிற குடும்பங்கள் இரண்டு காரியம் செய்து வையுங்கள். ஒன்று, பிள்ளையின் நம்பர், விடுதி நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், தோட்ட ஆபீஸ் நம்பர் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி இரண்டு பக்கமும் வைத்திருங்கள். போன் செத்தால் அதற்குள் இருக்கிற நம்பரும் செத்துப் போகும். இரண்டு, டேட்டா சிக்னல் போனாலும் சாதாரண எஸ்எம்எஸ் சில நேரம் போகும். "நல்லா இருக்கோம்" என்று ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப வீட்டில் எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள்.

ஞாபகத்தில் வைக்க

- புறப்பட முன் வீட்டிலேயே ஒரு தடவை ஹாட்ஸ்பாட் போட்டுப் பழகுங்கள்.
- லாப்டாப்பில் மீட்டர்ட் கனெக்ஷனை ஓன் செய்து வையுங்கள்.
- பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்காதீர்கள்.
- முதலில் முக்கியமான வேலை. வீடியோ பிறகு.
- கடைசி மணித்தியாலம் வரை ஒப்படையையும் விண்ணப்பத்தையும் வைத்திருக்காதீர்கள்.
- வேலை முடிந்ததும் மூடுங்கள்.

முக்கியமாக அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. "அதெல்லாம் புள்ளைகளுக்குத்தான் தெரியும்" என்று ஒதுங்க வேண்டாம். ரீலோட் போடுகிற காசு உங்களுடையது. பீலியை மூடத் தெரியாமல் யாரும் வீட்டுக்குப் பீலி போட மாட்டார்கள். ஹாட்ஸ்பாட்டை எங்கே ஓன் செய்வது, எங்கே ஓஃப் செய்வது என்ற இரண்டையும் பிள்ளையிடம் கேட்டு, உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். விளங்காவிட்டால் வேலை முடிந்து வருகிற வழியில் போனோடு என்னிடம் வாருங்கள். பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்து அறையில்தான் இருப்பேன்.

அந்த மகள் ஒப்படைக்கு நல்ல மார்க்ஸ் எடுத்தாள். அவள் அம்மா இப்போது தன் போனில் தானே ஹாட்ஸ்பாட் திறந்து, மூத்தவளின் பிள்ளைக்குப் பாடம் இறக்கிக் கொடுக்கிறார். முடிந்ததும் மூடிவிடுகிறார். போன கிழமை என்னைக் கண்டபோது, "ஐயா, இப்ப ஒங்க போன்ல பூட்டுப் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். போட்டிருக்கிறேன் என்று எடுத்துக் காட்டினேன்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.

தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்